கிட்டா, வீட்டுச் சாமானா, கைபேசியா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த அறிவியல் சோதனை?

காரைக்குடியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஓர் அறிவியல் கிட் வந்தது. உள்ளே எலுமிச்சை மின்கலத்துக்கான செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, சின்னக் கடிகாரம். படத்தில் இருந்தபடியே செருகினாள், கடிகாரம் ஓடியது, பத்து நிமிடத்தில் பெட்டியை மூடிவிட்டாள்.

அடுத்த வாரம் அதையே வீட்டில் கிடைத்ததை வைத்துச் செய்தோம். துத்தநாகம் பூசிய ஆணி, உரித்த செம்புக் கம்பி, ஒரு சிவப்பு எல்இடி. எரியவில்லை. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரில் ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 1.8 வேண்டும். “அப்போ ரெண்டு பழம் போதும் அத்தை” என்றாள். போதவில்லை. எல்இடியை இணைத்ததும் மீட்டரில் மின்னழுத்தம் இறங்குவதை அவளே பார்த்தாள். எலுமிச்சை தரும் மின்னோட்டம் அவ்வளவு குறைவு. நான்கு பழங்களைத் தொடராக இணைத்து, அறை விளக்கை அணைத்தபோது மங்கலாக எரிந்தது. அன்று சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆகவே என் ஓட்டு வீட்டுச் சாமானுக்கே. செட்டிநாட்டில் இதற்குக் கூடுதல் வசதியும் உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, இரவு தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழலால் அதில் ஊதினால் பால்போலக் கலங்கும்: மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாகிறது. அவள் அப்பத்தா வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு காற்றை வாங்கி இறுகியதும் இதே வினையால்தான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குப் போனால் நேரெதிரானதைப் பார்க்கலாம். சிமெண்ட் காற்றால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும்; அதற்காகக் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். (ஊத மட்டும்தான், உறிஞ்சவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சுட்டு இன்னும் நீற்றாத சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தண்ணீர் பட்டால் கொதிக்கும்.)

அதற்காகக் கிட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பொருளைத் தேடி அலைய நேரம் இருக்காது. வாங்குங்கள், ஆனால் இரண்டாம் முறை செய்யும்போது விளக்கத்தாளை எடுத்து வைத்துவிடுங்கள்.

கைபேசியில் என்றால், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் (PhET) உருவகச் சோதனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம். கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதை எந்த எலுமிச்சையும் காட்டாது, அது காட்டும். ஆனால் அங்கே கம்பி முறுக்குத் தளராது, ஆணி துருப்பிடிக்காது. செய்து பார்த்த பிறகு திறந்தால் நன்றாகப் புரியும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான வானவில் மன்றம் என்ற தமிழக அரசின் அறிவியல், கணிதச் செயல்முறைத் திட்டம் 2022 நவம்பரிலிருந்து இருக்கிறது. கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். அன்று பார்த்ததை வீட்டில் ஒருமுறை திரும்பச் செய்ய வையுங்கள்.

அப்புறம் செலவு. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, இரண்டு காந்தம். மின்வேதியியலுக்கென்றே 1953-இல் திறந்த சிக்ரி (CECRI) என்ற மத்திய அரசு ஆய்வகம் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளைக்கு மீட்டர் பிடிக்கத் தெரியாமல் இருக்க வேண்டாமே. எங்கள் பெண் இப்போது எலுமிச்சையை விட்டுவிட்டுப் புளிக்கரைசலில் ஆணியைச் செருகி அளந்துகொண்டிருக்கிறாள்.