ஸ்விஃப்டா, டிசையரா?

மாருதியின் இந்த இரண்டில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் எஞ்சினை மறந்துவிடலாம். இரண்டிலும் அதே 1.2 லிட்டர் பெட்ரோல்தான்.

நீளம்: ஸ்விஃப்ட் 3,860 மி.மீ., டிசையர் 3,995. நான்கு மீட்டரைத் தாண்டினால் வரி ஏறும், அதனால்தான் டிசையர் 5 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடுகிறது.

டிக்கி: ஸ்விஃப்ட் 265 லிட்டர், டிசையர் 382. ஊருக்குப் போகும்போது பெரிய பெட்டிகளோடு ஒரு அரிசிப் பையும் டிசையரில் உட்காரும். ஸ்விஃப்டில் பின்சீட்டை மடக்க வேண்டிவரும்.

விற்பனை: 2018-ல் இந்தியாவில் அதிகம் விற்ற கார் டிசையர், 2020-ல் ஸ்விஃப்ட்.

குறுகலான தெரு, சின்ன பார்க்கிங் என்றால் ஸ்விஃப்ட் போதும். குடும்பத்தோடு அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு டிசையரையே எடுங்கள்.