"வீட்டுக்குள்ளயே வாஷிங் மெஷின் இருக்கு"ன்னு சொல்லி ரெண்டு மாச வாடகைய முழுங்கிட்டாங்க, வீடு தேடுறவங்க படிங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், ஏன்னா அந்த வீடு மறுபடியும் விளம்பரத்துல வந்துருக்கு, அதே போட்டோ, அதே "வாஷர், டிரையர் உண்டு". ரெண்டு மாச வாடகை அட்வான்ஸா குடுத்தேன், ஒரு பைசா திரும்பல.

சின்ன ஊரு. வாடகைக்கு வர்ற அபார்ட்மென்ட்டே கம்மி, காசு போட்டு துவைக்கிற கடையும் பக்கத்துல இல்ல, அதனாலதான் மெஷினோட வர்ற வீடா பாத்தேன், அதுக்குன்னு வாடகையும் கூட. வீட்ட காமிச்ச மேனேஜர் அவ்ளோ தன்மையா பேசினாரு. நான் கேக்குறதுக்கு முன்னாடியே மெஷின் இருக்குற அலமாரியத் திறந்து பட்டன அமுக்கினாரு, லைட் எரியுது, தண்ணி இறங்குது, டிரம் சுத்துது. "எது ரிப்பேர்னாலும் ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கறேன்"னாரு. அந்த வார்த்தைக்காகத்தான் கையெழுத்து போட்டேன். தண்ணி உள்ள வர்றத காமிச்ச மனுஷன் வெளிய போறத காமிக்காம ஆஃப் பண்ணிட்டாரு, இப்ப நெனச்சா வயிறு எரியுது.

முதல் தடவ துணி போட்டப்பவே கீழ் வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க, சீலிங்லேந்து தண்ணி கொட்டுதுன்னு. மெஷின இழுத்துப் பாத்தா, அழுக்குத் தண்ணி வெளிய போற டிரெயின் ஹோஸ சுவத்து ஓட்டைல சும்மா சொருகி வச்சிருக்காங்க, அதுக்குப் பின்னாடி பைப்பே இல்ல. துணி காய வைக்கிற டிரையரோட சூட்டுக் காத்து போற குழாயும் வெளிச்சுவர் வரைக்கும் போகாம அலமாரிக்குள்ளயே முடியுது. துணிலேந்து அந்தக் காத்தோட வர்ற பஞ்சுத் தூசி அங்கயே சேர்ந்தா தீப்பிடிக்கலாம்ங்க, குழந்தைங்க இருக்குற வீட்டுல இப்படியா செய்வாங்க?

போன் போட்டா "பிளம்பர் வருவாரு". அப்புறம் "பிளம்பர் ஊர்ல இல்ல". அப்புறம் "மெஷின் போன குடித்தனக்காரங்களோடது, அக்ரிமென்ட்ல இல்லையே". கடைசியா போனே எடுக்கல. விளம்பரம் போட்ட சைட்ல கேட்டா, நாங்க போட்டோவ மட்டும்தான் போடுறோம், பணம் உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுலன்னு ஒரே பதிலத் திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. வீட்ட காலி பண்ணப்ப, கீழ் வீட்டு சீலிங் கெட்டதுக்கு நான்தான் காரணம்னு சொல்லி ரெண்டு மாச வாடகையையும் பிடிச்சுக்கிட்டாங்க. பைப்பே வைக்காதது அவங்க, தண்டம் எனக்கு!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னு உக்காந்தேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்லிடறேன். மெஷின ஒரு முழு ரவுண்டு ஓட விட்டு, தண்ணி வெளிய போற வரைக்கும் நின்னு பாருங்க. டிரையர் ஓடும்போது கட்டடத்துக்கு வெளிய சூட்டுக் காத்து வருதான்னு கேளுங்க. மெஷின் யாரோடது, ரிப்பேர் யார் பொறுப்பு, அட்வான்ஸ எதுக்கெல்லாம் பிடிப்பாங்க, எல்லாம் அக்ரிமென்ட்ல எழுத்துல வரட்டும், வாய்ப்பேச்சு வேணாம். மெஷினுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு போட்டோ எடுத்துக்கோங்க, சாவி வாங்குறதுக்கு முன்னாடியே.

மெசேஜ் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. அந்த ரெண்டு மாச வாடகைய விடப் போறதில்ல.