வாக்கு சொந்த ஊரிலா, திருப்பூரிலா?

தர்மபுரிப் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்தவர்கள் தேர்தல்தோறும் தவிக்கும் கேள்வி இது. 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். திருப்பூரில் 70, கோவையில் 65 அளவில்தான். ஓர் ஊரை விட்டுப் போனவரின் பெயர் அந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடந்தாலும் அங்கே சதவீதம் இறங்கும். வாக்களிக்காதது எல்லாம் அலட்சியம் அல்ல.

செலவு
ஊரில்: பஸ் கட்டணம். வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு; பயண நாளுக்குக் கிடையாது.
திருப்பூரில்: செலவே இல்லை.

அலைச்சல்
ஊரில்: ஒவ்வொரு தேர்தலுக்கும் கூட்ட நெரிசலில் பயணம்.
திருப்பூரில்: வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற ஒரே முறை படிவம் 8, முகவரிச் சான்றுடன்.

பயன்
ஊரில்: நிலம், பெற்றோர், உறவு எல்லாம் அங்கே, வேட்பாளரையும் தெரிந்திருக்கும்.
திருப்பூரில்: குழாயில் வரும் தண்ணீர், நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு, பிள்ளையின் பள்ளி. அன்றாடம் படும் பாடு இங்கே இருக்க, அதைக் கேட்கும் உரிமை மட்டும் நூறு மைலுக்கு அப்பால் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குடும்பத்தோடு வீடெடுத்துத் தங்கிவிட்டவர்கள் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது சட்டமும். சில மாத வேலைக்கு வந்து, மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஊர்தான் சரி. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது மட்டும் கூடாது.