“மானியம் போக” என்று சொல்லப்படும் விலையை நம்பாதீர்கள்: சோலார் போட்டு ஏமாந்த கதை

வீட்டு மாடியில் சோலார் போட எண்ணியிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மாடியில் சோலார் பொருத்த மானியம் தரும் ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டம் (பி.எம். சூர்ய கர்) பொய்யான திட்டமன்று. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளுக்கு மானியம் முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு விற்பனையாளரிடம்தான் நான் ஏமாந்தேன். கூட்டுறவு வங்கி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கராக இருந்தவள் நான் என்பதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

திருச்சியில் எங்களுடையது கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட பழைய வீடு. மாமியார் மூன்றாண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். புண் வராமலிருக்க அவருக்குப் போட்டிருக்கும் காற்று மெத்தையின் மோட்டார் இரவும் பகலும் ஓடும். கோடையில் அவருடைய அறைக்கு ஏ.சி.யும் தேவைப்படும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு விகிதப் பட்டியலே வேறு. 2022 செப்டம்பரில் உயர்ந்த கட்டணம் 2024 ஜூலையில் மறுபடியும் உயர்ந்தபோது, அந்த 900 யூனிட்டுக்கு ஏறக்குறைய 5,940 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. ஓய்வூதியம் இல்லாத குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையிலிருந்த கோப்பின் மேல் பிரதமரின் படமும் தேசியக் கொடியும் அச்சாகியிருந்தன. மின்வாரியத்திலிருந்து வருகிறோம் என்று அவர்கள் ஒரு முறையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “ஈ.பி. விஷயமாக வந்திருக்கிறோம் அம்மா, உங்கள் சர்வீஸ் நம்பர் அட்டையைக் காட்டுங்கள்” என்றார்கள். பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியத்தில் எவ்வளவு கவனம் இருந்தது என்பது புரிந்தது. “மத்திய அரசு 300 யூனிட், மாநில அரசு 100 யூனிட், மொத்தம் 400 யூனிட் உங்களுக்கு இலவசம்” என்று மூத்தவர் கூட்டிக் காட்டினார்.

அந்தக் கூட்டலே தவறு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அரசு யாருக்கும் 300 யூனிட் மின்சாரத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் நம் மாடியிலேயே உற்பத்தியாகும் என்பதுதான் அந்த “இலவசம்”. அரசு தருவது பொருத்தும் செலவில் ஒரு பங்கு மட்டுமே: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ போட்டால் 78,000. மாநில அரசின் இரு மாதத்துக்கான 100 யூனிட்டை ஒன்றிய அரசின் மாதக் கணக்கோடு கூட்டுவது, படியையும் லிட்டரையும் கூட்டுவதைப் போன்றது. கணக்கராக இருந்த எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. மாமியாரின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “இனிமேல் கரண்ட் போனாலும் பாட்டிக்குக் கஷ்டமில்லை” என்று அந்த மூத்தவர் சொன்னதில் என் மனம் நின்றுவிட்டது.

விலையை அவர் சொன்ன விதத்துக்கு வருகிறேன். மொத்தம் 1,95,000; மானியம் 78,000 போக உங்களுக்கு 1,17,000 தான் என்றார். இந்த “போக” என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கடைக்காரர் தள்ளுபடி தந்தால் அது அவர் கையிலிருந்து போவது. இந்த மானியமோ அவர் கையில் இல்லாத பணம். முழு விலையையும் நாம்தான் கொடுக்கிறோம். பேனல் பொருத்தி, வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் சரிபார்த்து, இயக்கத்துக்கு வந்த சான்று திட்டத்தின் தேசிய இணையதளத்தில் ஏறிய பிறகு, அரசு அந்தத் தொகையை நம் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்துகிறது. இடையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நட்டம் நமக்கு. விற்றவருக்கு அவருடைய 1,95,000 எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். தன்னால் தர முடியாத ஒன்றைக் கழித்துக் காட்டி விலையைக் குறைவாகத் தோன்றச் செய்தார். நானும் 1,17,000 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு முன்பணமாக ஒரு லட்சம் கொடுத்தேன்.

வங்கிக் கடன் வாங்கலாமா என்று கேட்டேன். மூன்று கிலோவாட் வரை ஈடில்லாமல் இரண்டு லட்சம் ரூபாய் வரை கடன் கொடுக்கும் ஏற்பாடு இந்தத் திட்டத்திலேயே உண்டு. “பேங்கில் ரொம்ப இழுத்தடிப்பார்கள் மேடம், சப்சிடி வருவதற்குள் வட்டி ஏறிவிடும்” என்று அவர் தடுத்தார். கடன் என்று போயிருந்தால் வங்கியில் இருப்பவர் விலைப்புள்ளியையும் பேனலின் விவரத்தையும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டிருப்பார். அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

எங்கள் மின் இணைப்பு 2019இல் காலமான என் மாமனாரின் பெயரிலேயே இருந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் மானியம் வரும் என்பதால், முதலில் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். விற்பனையாளரிடம் இதைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒரே பதில்தான் வந்தது. இணையதளத்தில் பதிவு செய்யும்போது என் கைபேசி எண்ணைக் கேட்கவே இல்லை. தன்னுடைய எண்ணையே போட்டுக்கொண்டார். “ஓ.டி.பி. வந்துகொண்டே இருக்கும், உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை?” என்றார். அதனால் விண்ணப்பத்தின் நிலையை நான் பார்க்கவே முடியாமல் போயிற்று.

பிப்ரவரி கடைசியில் ஆறு பேனல்கள் வந்து இறங்கின. பொருத்தி முடித்த அன்று மாலை மீதி 95,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, நெட் மீட்டர் பத்து நாளில் வந்துவிடும், அதுவரை ஓடட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்கள். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மாமியாரிடம் போய், “இனி நம் வீட்டு மாடியிலேயே கரண்ட் வருகிறது அத்தை” என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

அடுத்த வாரமே ஒரு பகலில் மின்தடை வந்தது. உச்சி வெயில் கொளுத்துகிறது, மாடியில் ஆறு பேனல்களும் பளபளக்கின்றன, காற்று மெத்தையின் மோட்டாரோ நின்றுவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது விற்பனையாளர் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். மின்கம்பியோடு இணைந்து ஓடும் இவ்வகை இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. மின்தடையின்போதும் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய வேறு அமைப்பு வேண்டும், அதன் விலையும் வேறு. இது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த பாலபாடம். படுக்கையில் இருக்கும் ஒரு கிழவியைக் காட்டி அவர் விற்றது, அந்தப் பெட்டியால் செய்யவே முடியாத ஒரு வேலையை. பணம் போனதைவிட எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

நெட் மீட்டர் பத்து நாளிலும் வரவில்லை, இரண்டு மாதத்திலும் வரவில்லை. மே மாதம் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு 1,300 யூனிட் என்று குறித்தார். கட்டணம் 10,550 ரூபாய். சோலார் போட்ட பிறகு கட்டணம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? அட்டையை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவிப் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். மின்சாரம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நெட் மீட்டர் தனித்தனியாகக் கணக்கிடும். எங்கள் வீட்டில் இருந்த பழைய மின்னணு மீட்டருக்கு அந்தத் திசை வேறுபாடு தெரியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் அது செலவாகவே எழுதிக்கொள்ளும். பகலில் நாங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சி வெளியே போன மின்சாரத்துக்கும் நாங்களே காசு கட்டியிருக்கிறோம். அனுமதியில்லாமல் ஓட்டியது விதிமீறல், உடனே அணைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். நெட் மீட்டருக்கான விண்ணப்பம் எதுவும் எங்கள் இணைப்பு எண்ணில் வரவே இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அன்று மாலை என் தம்பி மகன் வந்து மாடியேறினான். ஒரு பேனலின் அடியில் குனிந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினான். “அத்தை, இது டி.சி.ஆர். பேனலே இல்லை. இதற்கு மானியம் வரவே வராது” என்றான். அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான். பேனல் மட்டுமல்லாமல் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்யப்பட்டதாக இருந்தால்தான் இந்தத் திட்டத்தில் மானியம் உண்டு, அதைத்தான் டி.சி.ஆர். என்கிறார்கள். வெளிநாட்டுச் செல் வைத்த பேனல் விலை குறைவு. அவர் என்னிடம் டி.சி.ஆர். விலையை வாங்கிக்கொண்டு மலிவானதைப் போட்டிருக்கிறார். விலைப்புள்ளித் தாளை எடுத்துப் பார்த்தேன். “3 கிலோவாட் சோலார் சிஸ்டம் – 1” என்ற ஒரு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. பேனல் எந்த நிறுவனத்தினுடையது, எத்தனை வாட், வரிசை எண் என்ன, இன்வெர்ட்டர் எது என்று எதையும் எழுதாத ஒரு தாளுக்கு நான் 1,95,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

விற்பனையாளரை அழைத்தால், மானியம் அரசின் வேலை, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஜனவரியில் 78,000 ரூபாயைக் கழித்துக் காட்டிய அதே வாய். அடுத்த வாரத்திலிருந்து என் அழைப்பையே எடுப்பதில்லை. திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர்களின் பட்டியலில் தேடியபோது அவருடைய நிறுவனத்தின் பெயரே அங்கு இல்லை. அந்தப் பட்டியலை யாரும் எந்நேரமும் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலைதான். பட்டியலில் உள்ளவர் பொருத்தினால் ஐந்தாண்டு பராமரிப்பும் அவர் பொறுப்பாகிவிடும். எனக்கு அதுவும் போயிற்று.

பெயர் மாற்றத்தை நாங்களே அலைந்து முடித்தோம். மானியம் இல்லாத வழியிலேயே நெட் மீட்டருக்கு விண்ணப்பித்து, ஆகஸ்டில் மாட்டினார்கள். அதன் பிறகு கட்டணம் சில நூறு ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. பேனல் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை இவற்றைப் பொருத்திவிட்டதால் இந்த அமைப்புக்கு இனி மானியம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். அதற்கும் விற்பனையாளர் தரப்பிலிருந்து பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்காமல் நாமே வாதாடவும் செய்யலாம்.

உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், கையெழுத்துக்கும் பணத்துக்கும் முன்னால் மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவை உங்கள் கைபேசி எண்ணிலேயே செய்யுங்கள், ஓ.டி.பி.யைத் தொல்லை என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலைப்புள்ளியில் டி.சி.ஆர். என்ற சொல்லும் பேனல்களின் வரிசை எண்களைத் தருவதாக ஒரு வரியும் இருக்கட்டும். நெட் மீட்டர் மாட்டும் வரை ஒரு நல்ல பங்குத் தொகையை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் மட்டும் 50,000 ரூபாயை நிறுத்தி வைத்திருந்தால் அவர் அந்த மீட்டருக்காகவாவது திரும்பி வந்திருப்பார்.

என் மனுவில் கேட்டிருப்பது கைவிட்டுப் போன மானியத் தொகை 78,000 ரூபாயும், மே மாதம் கூடுதலாகக் கட்டிய 4,610 ரூபாயும். சான்றாக அந்த ஒற்றை வரி விலைப்புள்ளியையும், பேனலின் அடியில் தம்பி மகன் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன். எதிர்தரப்புக்கு அனுப்பிய முதல் அறிவிப்பு, அந்த முகவரியில் அப்படியொருவர் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது.