ஆள் போன பிறகும் அட்மிஷன் போட்டார்கள்

பக்கவாதம் வந்த அப்பாவையோ அம்மாவையோ ரீஹாப் (மறுவாழ்வுப் பயிற்சி) பேக்கேஜில் சேர்க்க அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் கட்டியது 1,75,000 ரூபாய். போனது பணம் மட்டும் என்றால் இத்தனை நீளமாக எழுத மாட்டேன். எந்த மருத்துவமனை என்று யாரும் கேட்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கிறது, பெயரைச் சொல்லக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்பா 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன தை மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே விட்டார். எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "ரைட்". தண்ணீர் வேண்டுமா என்றால் ரைட். வலிக்கிறதா என்றாலும் ரைட். யோசிக்காமல் வாயில் வந்து பழகிய சொற்கள் இப்படித் தங்கிவிடுவது உண்டு என்று நியூரோ டாக்டர் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

முதலில் சேர்த்த மருத்துவமனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது நாளில் ஆபத்துக் கட்டம் தாண்டியது. மூக்கு வழியாக டியூப், அதில்தான் சாப்பாடு. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னார்: "முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம் தம்பி. அடிபட்ட இடத்து வேலையை மூளை வேற இடத்துல பழகிக்கிறது பெரும்பாலும் இந்தச் சமயத்துலதான். வீட்டுல படுக்கப் போட்டுட்டு நாளை ஓட்டிராதீங்க."

அதனால்தான் ரீஹாப் தேடினோம். இடம் தேர்ந்தெடுத்ததில் நாங்கள் ஒன்றும் அவசரப்படவில்லை. என் மச்சானின் மாமனார் இரண்டு வருஷம் முன்னால், நாங்கள் தேர்ந்தெடுத்த அதே ரீஹாப் பிரிவில் ஐந்து வாரம் இருந்தவர். ஸ்ட்ரெச்சரில் போய், தடியூன்றி நடந்து வந்தார். அப்போது சேர்க்கும் முன்பே பிசிகல் மெடிசின் டாக்டர் (மறுவாழ்வு மருத்துவம் பார்ப்பவர்) முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவரைச் சோதித்தாராம். இவரால் என்ன முடியும், எது முடியாது, ஐந்து வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று வீட்டாரிடம் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி தாங்காது என்று தோன்றினால் சேர்க்காமலே திருப்பி அனுப்புவார்களாம். அதைக் கேட்டுத்தான் போனோம்.

எங்களுக்கு அட்மிஷன் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டாக்டர் யாரும் வரவில்லை. டை கட்டிய ஒரு தம்பி வந்தார், பேஷண்ட் கோஆர்டினேட்டராம். டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் போட்டோ எடுத்து எங்கேயோ அனுப்பினார், "அப்ரூவ் ஆயிருச்சு சார்" என்றார். பிறகு ஹாலைச் சுற்றிக் காட்டினார். இணைகம்பி, சாய்மேசை, பெரிய கண்ணாடி, மேலே இருந்து பெல்ட் தொங்கும் நடைப்பயிற்சி மெஷின், எல்லாம் பளபளவென்று இருந்தன. சுவரில் பதினோரு பேர் படம் போட்ட பலகை: டாக்டர் இருவர், பிசியோ ஐந்து பேர், ஆக்குபேஷனல் தெரபி (பட்டன் போடுவது, டம்ளர் பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது) இருவர், ஸ்பீச் ஒருவர், நர்ஸ் இன்சார்ஜ் ஒருவர். ஹாலில் ஒரு நோயாளிகூட இல்லை. "லஞ்ச் டைம் சார்" என்றார். மணி பதினொன்றே கால்.

பேக்கேஜ் தாளில் இருந்தது இது: முப்பது நாள், தினமும் பிசியோ இரண்டு வேளை, ஆக்குபேஷனல் தெரபி ஒரு வேளை, ஸ்பீச் ஒரு வேளை, டாக்டர் ரவுண்ட்ஸ், ரூம் வாடகை. மருந்து தனி. கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் மாலை ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். "தாத்தா, எந்திரிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினான். பக்கவாதக் கையை அப்படி இழுக்கவே கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. தசை பிடிமானம் போன தோள் மூட்டு ஏற்கனவே தளர்ந்து இறங்கித்தான் இருக்கும். இழுத்தால் இன்னும் விலகும், வலி மாதக்கணக்கில் நிற்கும். தூக்குகிறவர் இடுப்பையோ தோள்பட்டைக்குப் பின்னாலோ பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். அப்பா ஒரு சத்தம் போட்டார், அது ரைட் இல்லை. மறுநாள் முதல் அந்த நீலச் சட்டையைப் பார்த்தாலே இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். பையன் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவன் இன்டர்ன். பிசியோ படிப்பின் கடைசி ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவன். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க சீனியர் யாரும் இல்லாமல் வார்டில் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மூக்கு டியூப். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டியூபை எடுக்கலாமா என்று சொல்வதற்கு முன், விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒரு ஸ்பூன் கெட்டியான கூழ் என்று கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, இருமல் வருகிறதா, குரல் ஈரமாகிறதா என்று பார்ப்பார்கள். பேச்சுக்காரருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான்கூட நினைத்திருந்தேன். வாய், நாக்கு, தொண்டை மூன்றும் அவர்கள் கணக்கில்தான் வருகின்றன. "ஸ்பீச் மேடம் எப்ப வருவாங்க சிஸ்டர்?" என்று தினமும் கேட்பேன். "நாளைக்குண்ணா." ஐந்தாம் நாள் இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "அண்ணா, அவங்க இப்ப சனிக்கிழமை மட்டும்தான் வர்றாங்க, வேற பிராஞ்ச்ல இருந்து. போன சனிக்கிழமை அதுவும் வரல." எடுத்திருக்கக்கூடிய டியூப் அப்பாவின் மூக்கில் பன்னிரண்டு நாள் கூடுதலாக இருந்தது, சோதிக்க ஆள் இல்லாத ஒரே காரணத்தால். ஒவ்வொரு நாளும் டியூப் ஃபீடிங் சார்ஜ் என்று பில்லில் தனியாக ஒரு வரி.

வார்டில் மற்றவர்கள் யார் என்று மெல்லத் தெரிந்தது. பதினாறு கட்டிலில் பயிற்சிக்கு வந்தவர்கள் அப்பாவோடு சேர்த்து நான்கு பேர். மற்றவர்கள் மூட்டு ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் தங்குபவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் இங்கே விடப்பட்ட படுக்கை முதியவர்கள். ரீஹாப் என்ற போர்டு மட்டும் வெளியே தொங்குகிறது, உள்ளே கட்டில் வாடகைக்கு ஓடுகிறது. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிற வேலை டாக்டர் கையிலிருந்து மார்க்கெட்டிங் கைக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

ஒன்பதாம் நாள். காலை பதினொரு மணிக்கு, கட்டில் கால்மாட்டில் தொங்கும் தெரபி சார்ட்டைச் சும்மா புரட்டினேன். அன்று மாலை நாலரை மணி பிசியோவுக்கு டிக் அடித்து, "நன்றாக ஒத்துழைத்தார்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. மாலை நாலரைக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் ஆக்குபேஷனல் தெரபி: ஒன்பது நாளும் டிக், ஒன்பது நாளும் ஒரே இனிஷியல். அப்படி ஒருவர் வந்து அப்பா கையில் ஒரு டம்ளரைக்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் போட்டோ எடுத்தேன். ஆறு பக்கம், மணி தெரியும்படி, பக்கத்தில் சுவர்க் கடிகாரமும் விழும்படி. சண்டை போடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அந்த இனிஷியலை மச்சானுக்கு அனுப்பினேன். அது, அவர் மாமனாருக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்த மேடத்தின் இனிஷியல். நம்பர் இருந்தது, கூப்பிட்டோம். "நானா? நான் அங்கிருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க சார்" என்றார். சம்பளம் மூன்று மாதம் இழுத்தடித்திருக்கிறார்கள். சீனியர் டாக்டர் முதலில் போனார், அவர் பின்னாலேயே பிசியோ மூவர், பிறகு இவரும் இன்னொருவரும். சுவரில் இருந்த பதினோரு பேரில் மிச்சம் இருந்தது ஐந்து பேர். "என் இனிஷியலா போட்டிருக்காங்க? அந்தப் போட்டோவ எனக்கும் அனுப்புங்க சார்." அனுப்பினேன். அவரும் தனியாக ஒரு நோட்டீஸ் விட்டிருக்கிறார்.

அட்மின் அறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே ரத்தக் கொதிப்பு எனக்கு வந்துவிடும். "டிரான்சிஷன் பீரியட் சார்." "புது டீம் ஒண்ணாம் தேதி ஜாயின் பண்றாங்க சார்." சார்ட்டைக் காட்டினேன். "கிளெரிகல் மிஸ்டேக்." போனவர்கள் போனார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்கள் போனது தெரிந்தும் அவர்கள் படத்தைக் காட்டி என்னிடம் பணம் வாங்கினீர்களே என்றேன். அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஏன் அத்தனை நாள் என்று கேட்பீர்கள். டியூப் மூக்கில் இருக்க, எங்கே கொண்டு போவது என்று தெரியாமல்தான். கணக்குப் பார்த்து 21,400 திருப்பிக் கொடுத்தார்கள். தாங்களாக வெளியேறினால் பிடித்தம் உண்டாம், தாளின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. கேஸ் ஃபைல் நகல் கேட்டதற்கு "பத்து நாள் ஆகும்" என்றார்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கூரியரில் வந்தது. வந்த நகலில் அந்த நாலரை மணிக் கட்டம் வெள்ளை மை பூசி அழிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, போட்டோ இருந்தது.

வக்கீல் சொன்ன ஒரு விஷயம் பலருக்கும் உதவும். சிகிச்சை தப்பு என்று வழக்குப் போட்டால், அது தப்புதான் என்று சொல்ல இன்னொரு டாக்டர் வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். காசு வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தரவில்லை என்பது வேறு. அதற்குப் பேக்கேஜ் தாளும் சார்ட்டும் பில்லும் பேசும். காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற ஹெல்ப்லைன் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு புகார் எண் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை.

சேர்க்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டியவற்றை இப்போது சொல்கிறேன். பயிற்சி நடக்கும் நேரத்தில், சொல்லாமல் போய் ஹாலைப் பாருங்கள். சுவரில் இருக்கும் படத்தை விடுங்கள், இந்த வாரத்து டியூட்டி ரோஸ்டரைக் கேளுங்கள். அதில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆள் இருந்தால் வரவழைப்பார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதையும் எழுதி வாங்குங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் "அப்ரூவ்" ஆகிறது என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முப்பது நாளுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், வாரக் கணக்கில் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966இலிருந்து நடக்கிறது. அதற்குக் காரணமான மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்த டாக்டர். இரண்டுமே எங்களுக்குத் தூரம், இடத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ செய்கிறவர் வீட்டுக்கே வருகிறார். தினமும் வர முடியாது, அவருக்குப் போக வேண்டிய வீடுகள் நிறைய. ஆனால் வந்த முதல் நாளே அப்பாவின் வலது தோளைத் தொட்டுப் பார்த்து, "யாருங்க இழுத்தது?" என்று கேட்டார். கைக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கு எப்படித் தூக்குவது என்று மூன்று தடவை செய்து காட்டினார். டியூபைப் பக்கத்து ஊரில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே சோதனையில் பார்த்து எடுக்கச் சொன்னார். அவர் வாங்கியது 600 ரூபாய்.

அப்பா இப்போது வாக்கரில் திண்ணை வரை வருகிறார். தோள் வலி இன்னும் இருக்கிறது, கையைக் காது வரை தூக்க முடியவில்லை. முதல் மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னதில் கிட்டத்தட்ட மூன்று வாரம் அங்கே போய்விட்டது. போன வாரம் அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது: எங்கள் மறுவாழ்வுப் பிரிவின் சேவையை மதிப்பிடுங்கள், ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். அதையும் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாய்தா 14ஆம் தேதி.