தசைச்சிதைவைப் பின்தொடர அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா?

டுஷேன் தசைச்சிதைவு (தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும் மரபணு நோய்) உள்ள நாலு வயதுப் பையனை எம்ஆர்ஐ குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பது லேசில்லை. பல நேரம் மயக்க மருந்துதான் வழி. இந்தப் பிள்ளைகளுக்கு அதிலும் ஆபத்து உண்டு. அல்ட்ராசவுண்ட் என்றால் அம்மா மடியில் இருந்தபடியே தொடையில் ஜெல் தடவிச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

நல்ல தசை திரையில் கறுப்பாகத் தெரியும். அதன் அடியில் தொடை எலும்பு பளிச்சென்று வெள்ளைக் கோடாக நிற்கும். கொழுப்பும் நார்த்திசுவும் ஏற ஏறத் தசை வெளுக்கும். நோய் முற்றினால் எலும்புக் கோடே மறைந்துபோகும். 1982இல் ஹெக்மாட் குழுவினர் வகுத்த நான்கு படி அளவுகோல் இதைத்தான் பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால், கண்மதிப்பில் சிறு மாற்றம் பிடிபடாது. கணினியில் சாம்பல் நிறத்தை அளக்கலாம், சரி. அதற்கு ஒவ்வொரு முறையும் அதே கருவி, அதே கெயின் (திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) வேண்டும். தோல்மேல் வைக்கும் முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே தசையின் தடிமன் குறைந்து தெரியும்.

எம்ஆர்ஐயில் இந்தத் தொல்லை குறைவு. கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்சன் முறையில் தசைக்குள் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே கிடைக்கும், ஆழத்துத் தசைகளும் தப்பாது. மருந்துச் சோதனைக்கு அதுதான் பொருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சின்னப் பிள்ளைக்கு? நான் அல்ட்ராசவுண்ட் பக்கம், ஸ்கேன் பார்ப்பவர் மாறாமல் இருந்தால்.