பிள்ளைகளின் போனுக்குப் பூட்டு: இரண்டரை ஆண்டு அனுபவம்

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழாகிவிடும். பள்ளி விட்டு வரும் மகனும் மகளும் அதுவரை ஆயா, தாத்தா பொறுப்பில் இருப்பார்கள். வீட்டுப்பாடமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது என்பதால், என் பழைய ஆண்ட்ராய்டு போனை மகனிடம் கொடுத்து வைத்தோம். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, போர்வைக்குள் நீலமாக வெளிச்சம் தெரிந்தது. மறுநாளே கூகுளின் ஃபேமிலி லிங்க் வசதியை இரண்டு போன்களிலும் அமைத்தேன்.

பிள்ளையின் போன் நேரத்தையும் செயலிகளையும் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் இது, 2017இல் அறிமுகமான இலவச வசதி. பெற்றோர் போனில் ஒரு செயலி இருக்கும். பிள்ளையின் கணக்கு அதோடு இணைக்கப்படும். முதல் நாளே ஒரு சிக்கலில் மாட்டினேன். போனைக் கொடுத்தபோது மகனுக்காகத் தொடங்கிய கணக்கில் அவன் அப்பாவின் பிறந்த தேதியைக் கொடுத்திருந்தோம். அந்தக் கணக்குக்கு அவன் பெரியவன். குழந்தைகளுக்கான வடிகட்டி எதுவும் அதில் தானாக வராது. உண்மையான பிறந்த தேதியோடு புதிய கணக்கு தொடங்கினேன். அதில் அவன் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த விளையாட்டு நிலைகளெல்லாம் போய்விட்டன. அன்று அவன் சாப்பிடாமல் படுத்ததை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைக்குக் கணக்கு தொடங்கும்போதே சரியான தேதியைக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளி நாளில் ஒரு மணி நேரம், ஞாயிறு இரண்டு மணி நேரம், இரவு எட்டரை முதல் காலை ஆறு வரை பூட்டு. இதுதான் எங்கள் ஏற்பாடு. பூட்டிய பிறகும் வருகிற அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பும் செய்யலாம் என்பதால் பயமில்லை. இத்தனை நாள் பயன்படுத்தியதில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரவுப் பூட்டைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன். முன்பு தினமும் கையிலிருந்து பிடுங்க வேண்டும், அவன் முகம் கோண வேண்டும், நான் கத்த வேண்டும். இப்போது நேரம் முடியப்போகிறது என்று போனே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அந்த அறிவிப்பு வந்தால் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது என்பதை அவனே பழகிக்கொண்டான்.

எனக்கு அடுத்தபடியாகப் பிடித்தது அனுமதி கேட்கும் முறை. புதிய செயலி எதை நிறுவ வேண்டுமானாலும் என் போனுக்குக் கோரிக்கை வரும். தொழிற்சாலையில் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது நாலரை மணி வாக்கில் அது வந்து நிற்கும். வயதுத் தகுதி என்ன, உள்ளே பணம் கட்டிப் பொருள் வாங்கச் சொல்கிறதா என்று பார்ப்பேன். முதலில் வெறுமனே மறுத்துவிடுவேன். அதனால் வீட்டில் சண்டைதான் மிஞ்சியது. பிறகு வீட்டுக்கு அழைத்து, "இது எதுக்கு நைனா?" என்று கேட்கத் தொடங்கினேன். சில மாதங்களில் கோரிக்கை அனுப்புவதற்கு முன்பே அவனே அழைத்துக் காரணம் சொல்ல ஆரம்பித்தான். பத்தில் நான்கையாவது இப்போது அவனே வேண்டாம் என்று விட்டுவிடுகிறான்.

இனி ஓட்டைகள். உறவினர் கொடுத்த டேப்லெட்டையும் அதே கணக்கில் சேர்த்தபோது, ஒரு மணி நேரம் இரண்டாகிவிட்டது. நேர வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு செயலியைத் தடுத்தாலும் அதே தளத்தை பிரவுசரில் திறக்கலாம். அந்த முகவரியையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்புகிறார்கள் என்பதை இந்த வசதி காட்டாது. அதைப் பெற்றவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். மாமா (பிள்ளைகளின் தாத்தா) சாய்வு நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு வயது மகள் பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய வலது கட்டைவிரலை மெல்லத் தூக்கித் தன் கையிலிருந்த அவர் போனில் வைத்து அழுத்தினாள். போன் திறந்தது. விரலைப் பழையபடி அவர் வயிற்றின் மேல் வைத்து, வேட்டியைக்கூடச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும், "எனக்கும் அந்த நம்பர் பூட்டே போட்டுக் கொடும்மா" என்றார். பெரியவர்கள் ஒத்துழைக்காத வீட்டில் எந்தச் செயலியும் செல்லாது.

குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியபோது, மகன் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. நான் கூடுதலாகக் கொடுத்த அரை மணி நேரம் அங்கே போய்ச் சேரவில்லை. பெற்றோர் செயலியில் வரும் குறியீட்டு எண்ணைப் போனிலேயே படித்துச் சொல்ல, அம்மா அதைத் தட்டித் திறந்தார். இணையம் இல்லாதபோதும் அந்த எண் வேலை செய்யும், மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பிள்ளை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

கோடை விடுமுறையில் மட்டும் ஏற்பாட்டைத் தளர்த்துகிறேன். கத்திரி வெயிலில் வேலூரில் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவுக்கு விட முடியாது. மே மாதம் மதியத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுத்து, மாலையில் கோட்டை மைதானத்துக்கு அழைத்துப்போகச் சொல்கிறேன். ஆம்பூரில் இருக்கும் என் தங்கை ஐபோன் வைத்திருக்கிறாள். அதில் இதே வேலையைச் செய்யும், 2018இல் வந்த ஸ்கிரீன் டைம் வசதி இருக்கிறது. வரம்பு முடிந்ததும் கூடுதல் நேரம் கேட்டுப் பிள்ளையே கோரிக்கை அனுப்பலாம் என்பது அதில் எனக்குப் பிடித்தது.

இருப்பிடம் காட்டும் வசதியை ஒளித்து வைக்கவில்லை. டியூஷன் முடிந்து வரும்போது பார்ப்பேன் என்று மகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியாமல் பார்த்து ஒருநாள் பிடிபட்டால், பிறகு அவன் என்னிடம் எதையும் சொல்ல மாட்டான்.

வருகிற ஜூனில் அவன் எட்டாம் வகுப்பு. பூட்டும் நேரத்தை ஒன்பதரையாக்கச் சொல்லி, கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் காரணங்களை எழுதித் தந்திருக்கிறான். மூன்றாவது காரணம், "ஆயாவும் ஒன்பதரை வரை சீரியல் பார்க்கிறார்." வெள்ளி, சனி இரண்டு நாளுக்கு மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.